மோகனாவுக்கு உப்பு இறங்கிய கதை

மலேசியாவில் போர்டிக்சன் பக்கம், சுவா என்ற ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்து எடைமேடையில் கணக்கெழுதும் மோகனாவை ஏமாற்றிவிட்டு ஒரு லோரியும் வெளியே போனதில்லை என்று பேர். பேர் என்றால் நல்ல பேர் இல்லை. லோரிக்காரர்கள் அவளை முகத்துக்கு நேரே கணக்குப்பிள்ளை என்ற அர்த்தத்தில் "கிராணி" என்றும், முதுகுக்குப் பின்னால் "கஸ்டம்" என்றும் கூப்பிட்டார்கள். சுங்க அதிகாரிக்கு வைக்கும் அந்தப் பேர் தனக்குப் பொருத்தம்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

குலைகளை ஏற்றி வரும் குத்தகைக்காரர்களுக்கு எடைக்குத்தான் கூலி. எடையைக் கூட்ட மனிதன் கண்டுபிடித்த வழிகளில் சுலபமானது தண்ணீர். உதிர்ந்த பழங்களைச் சாக்கில் கட்டுமுன் வாய்க்காலில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். மோகனா குளிர்சாதன அறையை விட்டு இறங்கி வந்து சாக்குக்குள் கையை விடுவாள். கையை வெளியே எடுத்துப் பார்ப்பாள்.

"அந்தப் பக்கம் மழையா?"

"ஒரே மழ கிராணி."

"என் பக்கம் மட்டும் வெயிலு போல. கொட்டிக் காய வச்சிட்டு வாங்க."

அவ்வளவுதான். குரலை உயர்த்தமாட்டாள், முகத்தைச் சுளிக்கமாட்டாள். ஹேமநாதன் என்ற லோரிக்காரர் மட்டும் விடாக்கண்டர். பல வருஷமாக விதவிதமாகத் தண்ணீர் கலந்து பார்த்து, விதவிதமாகத் திரும்பிப் போனவர். இருவருக்கும் அதில் ஒரு பழக்கமே உண்டாகிவிட்டது.

இப்படிப்பட்ட மோகனாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயதில் வயிற்றில் பிள்ளை தங்கியது. போர்டிக்சனில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவன் சசிதரன் செய்தியைக் கேட்டுவிட்டு வேனைக் கழுவப் போனான். சந்தோஷமானாலும் துக்கமானாலும் அவன் வேனைத்தான் கழுவுவான். அன்றைக்கு இரண்டு தடவை கழுவினான்.

பிள்ளை வயிற்றில் இருந்தது மோகனாவுக்கு என்றாலும் பொறுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டவர் தனலெட்சுமி. சசிதரனுக்கு அக்கா. தாய் போன பிறகு தம்பியை வளர்த்தவர். ரெம்பாவில் நல்லசாமி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, கொஞ்ச நாளிலேயே பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். ஏன் திரும்பினார் என்பதை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. அங்கே ஒரு குறைப்பிரசவம் ஆனது என்று மட்டும் மோகனாவுக்குத் தெரியும். தனலெட்சுமி போர்டிக்சன் மார்க்கெட் பக்கம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டிருந்தார். அவர் கை மிளகாய்ச் சம்பலுக்கு இராணுவ முகாமிலிருந்தெல்லாம் ஆள் வரும். உப்பு உறைப்பு பார்க்க அவர் நாக்கில் வைக்கத் தேவையில்லை. கொதிக்கிற வாசனையே போதும்.

ஆறாம் மாதத்தில் அரசாங்க கிளினிக்கில் மோகனாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த தாதி, மிஸ்ஸி ரொஸ்னா, மறுபடியும் ஒரு தடவை காற்றடித்தார். பிறகு ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவையும் அடித்தார். ரத்தக் கொதிப்பு. அதோடு சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்த்து, கொஞ்சம் புரோட்டின் இருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். வாரா வாரம் வரச் சொன்னார். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, நெஞ்சுக்குக் கீழே வலித்தாலோ நாள் கிழமை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று மலாயில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மோகனாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஒரு சொல் விடாமல் புரிந்தது.

புரியாதது புரோட்டின்தான். அவளைப் பொறுத்தவரை புரோட்டின் என்றால் முட்டை, கோழி, ஜிம்முக்குப் போகிற பையன்கள் கலக்கிக் குடிக்கிற மாவு. அது எப்படிச் சிறுநீரில் வரும்? இந்தச் சந்தேகத்தை வீட்டுக்கு வந்ததும் தனலெட்சுமி ஒரே சொல்லில் தீர்த்து வைத்தார்.

"உப்புலா அது."

"உப்பா?"

"உப்பு இறங்குதுன்னு சொல்லுவாங்க. காலு வீங்குது பாரு, அதுவும் உப்புத் தண்ணிதான். புள்ளத்தாச்சிக்கு வரக் கூடாதது அது ஒன்னுதான்."

அந்த வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிறுநீரில் புரோட்டின் போனால் உப்பு இறங்குகிறது. கால் வீங்கினால் உப்பு நீர். மோகனாவுக்கும் அது மிகவும் பொருத்தமாகப் பட்டது. சிறுநீரில் முட்டை வருவதை விட உப்பு வருவது நம்பும்படியாக இருந்தது. உப்பு இறங்குகிறது என்றால் உப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஏறியது எந்த வழியாக? வாய் வழியாகத்தான். கணக்கு சரியாக வந்தது. எடைமேடையில் பழகியவளுக்கு வரவும் செலவும் நேராக நின்றால் போதும்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு கிடையாது. தனலெட்சுமி உப்பு ஜாடியை எடுத்துக் கடைக்குக் கொண்டு போய்விட்டார். சோயா கிச்சாப் போனது. நெத்திலி போனது. அப்பளம் போனது. உப்பில்லாத ரசம், உப்பில்லாத கீரை, உப்பில்லாத மீன் குழம்பு. ஊரே வரிசையில் நின்று வாங்கும் சம்பலை அரைக்கிற அதே கை, விடிகாலையில் எழுந்து தம்பி பெண்டாட்டிக்கு இந்தச் சாப்பாட்டைச் சமைத்துத் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்தது. சசிதரன் முதல் நாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான். அன்றைக்குப் பள்ளி விடுமுறை.

மோகனா தப்பிக்க முடியாததற்குக் காரணம், தனலெட்சுமியும் அதையே சாப்பிட்டதுதான்.

"உங்களுக்கு என்னாத்துக்குக்கா? நீங்க போட்டுச் சாப்புடுங்க."

"ஒனக்கு இல்லாதது எனக்கு எதுக்கு? நீ சாப்புடு."

திட்டினால் பதிலுக்கு முறைக்கலாம். எதிரே உட்கார்ந்து உப்பில்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற மனுஷியை என்ன செய்வது? மோகனா சாப்பிட்டாள். வாய் செத்துப்போனது போல இருந்தது. அலுவலகத்தில் அவள் மேசை இழுப்பறையில் ஜெருக் மாங்காய் பாக்கெட் ஒன்று எப்போதோ வாங்கிப் போட்டது கிடந்தது. உப்பிலும் சீனியிலும் ஊறிய மாங்காய். ஒரு துண்டு தின்றாள். அப்புறம் பாக்கெட்டைத் தின்றாள். அப்புறம் வேலை முடிந்து வருகிற வழியில் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கினாள்.

அடுத்த வாரம் கிளினிக்கில் மிஸ்ஸி ரொஸ்னா குச்சியைப் பார்த்துவிட்டு, புரோட்டின் ஏறியிருக்கிறது, ஒரு பிளஸ் என்றார். மோகனாவுக்குக் காதெல்லாம் சுட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட லோரிக்காரன் எப்படி விழிப்பான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியைப் பார்க்காமலேயே தன் முழி எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

வீட்டில் விசாரணை நடந்தது.

"வெளியில எங்கியும் சாப்டியா?"

"இல்லக்கா."

"சாமி மேல?"

"சாமி மேல இல்லக்கா."

"அப்ப எங்க இருந்து வருது உப்பு?" தனலெட்சுமி தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நான் சமைக்கிறதுலதான் எங்கியோ தப்பு." அன்றிலிருந்து அவர் மீனையும் நிறுத்தினார். கடல் மீனில் இயற்கையாகவே உப்பு இருக்குமாம்.

இதுதான் மோகனாவால் தாங்க முடியவில்லை. தின்றது அவள், பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டது அக்கா. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் தனலெட்சுமி அந்த வாயில் உப்பில்லாத சுரைக்காயை வைத்தார். ஜெருக்கை விட்டுவிடலாம் என்றும் பார்த்தாள், முடியவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் அவள் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு கழிப்பறைக்குள் போனாள். பாதி நிரம்பியது. குழாயைத் திறந்தாள். மீதிப் பாதியைத் தண்ணீரால் நிரப்பினாள். உப்பை மறைக்கத் தண்ணீர்தான் வழி என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. குழம்பில் உப்புக் கூடினால் எந்தப் பெண்ணும் செய்வதுதான். அந்த வட்டாரத்துத் தண்ணீர்க் கலப்புக்காரர்களையெல்லாம் திருப்பி அனுப்பிய கை அது.

மிஸ்ஸி ரொஸ்னா சாக்குக்குள் கையை விடுகிற ஜாதி இல்லை. குச்சியை நனைத்தார், பார்த்தார், பரவாயில்லை, லேசாகத்தான் இருக்கிறது என்றார். கர்ப்பிணி தன் சிறுநீரில் தண்ணீர் கலப்பாள் என்று உலகத்தில் எந்த மிஸ்ஸியும் நினைக்கமாட்டார். யாருக்கு அதில் என்ன லாபம்?

"பாத்தியா?" என்று தனலெட்சுமி அன்று சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "மீனுதான். மீனுதான் செஞ்சிருக்கு." எத்தனையோ வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மோகனா பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வாரமும் தண்ணீர் கலந்தாள். அதற்கடுத்த வாரமும்.

வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்கு இந்த ஏற்பாடுகள் எதுவும் தெரியாது. மோகனாவின் விரல்கள் வீங்கி மோதிரம் இறங்க மறுத்தது. முகம் ஊதியது. தலைவலி வந்தது, போகவில்லை. நெஞ்சுக்குக் கீழே, வலது பக்கமாக, யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. மிஸ்ஸி சொன்னது ஒவ்வொன்றும் நினைவில் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே விளக்கம் இருந்தது: ஜெருக். சொல்லப் போனால் ஜெருக் வெளியே வரும். ஜெருக் வந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பிள்ளை பிறக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாள். பயம்தான். நோயைப் பார்த்து அல்ல.

கிளினிக்கில் பிரஷர் மட்டும் இறங்கவில்லை. சிறுநீர் நன்றாக இருக்க முகம் ஏன் இப்படி வீங்குகிறது என்று மிஸ்ஸி ரொஸ்னாவுக்கு உறுத்தியிருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லி ரத்தம் எடுக்க வைத்தார். முன்னே ஒரு தடவை எடுத்த ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தடவை ஊசி ஏறும்போது மோகனா ரத்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் கலக்க வழியில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். கைப்பேசி அடித்தது. கிளினிக் நம்பர். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. கவிழ்த்து வைத்தாள். அந்த நேரம் ஹேமநாதனின் லோரி எடைமேடையில் ஏறியது. திரையில் சிவப்பு எண்கள் வந்தன. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. எண்களைச் சுற்றிப் பூச்சி பறந்தது. கண்ணைக் கசக்கினாள், பூச்சி கூடியது. கீழே இறங்கத் தெம்பில்லாமல், கண்ணாடி வழியாகவே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டாள்.

ஹேமநாதன் போகவில்லை. அன்றைக்கு அவர் சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. லோரியை விட்டு இறங்கி வந்து அறைக் கதவைத் தட்டினார்.

"கிராணி, கைய விட்டுப் பாக்கலியா?"

"போங்க... சரியாத்தான் இருக்கு."

அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. லோரியை ஓரம் கட்டிவிட்டு, சசிதரனுக்குப் போன் அடித்தார். "ஒன் பொண்டாட்டிக்கு என்னமோ ஆயிருச்சிலா. என் லோரிய விட்டுட்டாங்க. சீக்கிரம் வா." வாழ்நாளில் முதல் தடவையாக ஜெயித்த மனுஷர், ஜெயித்த பயத்தில் எடைமேடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். சசிதரன் வருகிற வரைக்கும் போகவில்லை.

சசிதரன் அவளை வேனில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனபோது, அங்கே டாக்டர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, கல்லீரல் அடிபட்டிருக்கிறது, யூரிக் அமிலம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார். கால் கட்டை விரலில் வாத வலியோடு திரியும் சசிதரனுக்கு அதில் ஒரு சொல் மட்டும் தெரிந்த சொல்லாக இருந்தது.

"யூரிக் எனக்கும் இருக்கு டாக்டர். என்கிட்டருந்து ஒட்டிக்கிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டாக்டர் வனேசா. போர்டிக்சன்காரப் பிள்ளை. கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து கட்டில் கால்மாட்டில் நின்ற தனலெட்சுமியைப் பார்த்ததும், "நீங்க மார்க்கெட் நாசி லெமாக் ஆண்டிதானே?" என்றார். தனலெட்சுமி தலையை மட்டும் ஆட்டினார். மோகனாவுக்குக் குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்தார்கள். டாக்டர் அதன் முடிவையும் கிளினிக்கின் முடிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அக்கா, அங்க ஒவ்வொரு வாரமும் லேசாத்தான் இருந்திருக்கு. இங்க நாலு பிளஸ். மேல போக நம்பர் இல்ல. எனக்கு இது எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியணும். தலவலி எத்தன நாளா?"

மோகனா தனலெட்சுமியைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா. மூத்திரத்துல தண்ணி கலந்தேன்."

"என்னா கலந்தீங்க?"

"பைப்புத் தண்ணி. ஜெருக் சாப்ட்டேன். உப்பு தெரியக் கூடாதுன்னு."

டாக்டர் வனேசா பேனாவை மூடினார். அவருக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாது; இரண்டையும் விழுங்கிவிட்டார். கட்டிலோரம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"உப்புன்னு நாமதான் சொல்றோம்க்கா. என் பாட்டியும் அப்டித்தான் சொல்லுவாங்க. அது உப்பு இல்ல. முட்ட வெள்ளக்கரு இருக்குல்ல, அந்த மாதிரி சத்து. அது ரத்தத்துலயே இருக்கணும், வெளிய வரக் கூடாது. பிள்ளையோட நஞ்சுக்கொடி சரியா ஊனலன்னா, அது ஒரு பொருள ரத்தத்துல விடும். ரத்தக் குழாய நல்லா வச்சிருக்கிற சத்த அது புடிச்சு வச்சிக்கும். அப்போ குழாயெல்லாம் கெட்டுப் போவும். கிட்னி ஒழுகும், பிரஷர் ஏறும், லீவர் வீங்கும். நீங்க ஜெருக் தின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க வாயக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும்."

"அப்ப உப்பு?"

"உப்பு பாவம்க்கா. அது ஒன்னும் செய்யல." அதற்குள் ஒரு தாதி கொண்டுவந்த மருந்துப் பையை அவர் கம்பியில் மாட்டினார். "இப்ப வலிப்பு வராம இருக்க இத ஏத்துறேன். ஒடம்பு சூடாவும், பயப்படாதீங்க."

"என்னா மருந்து இது?" தனலெட்சுமி அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

டாக்டர் வனேசா கொஞ்சம் தயங்கினார். "மெக்னீசியம் சல்பேட் ஆண்டி. ஒரு வக உப்புதான்."

தனலெட்சுமி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டுச் சொட்டாக உப்பு மோகனாவுக்குள் இறங்கியது. பிறகு அவர் வெளியே போனார். மோகனாவுக்கு உடம்பு முழுக்கத் தீப்பட்டது போல எரிந்தது. மருந்தாலா வெட்கத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. செத்துப் போய்விடுவோமோ என்று அப்போதுதான் முதல் முதலாகப் பயந்தாள். பிள்ளையை நினைத்து, சாமியிடம், தான் சொன்ன பொய்ச் சத்தியத்தைப் பிள்ளை மேல் எழுதாதே என்று கெஞ்சினாள்.

பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போட்டு, ஒரு நாள் தள்ளிப் பார்த்து, அதற்கு மேல் தள்ள முடியாமல் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோ சீனியின் கனம்தான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூச்சு விடுகிறாள், அதுவே பெரிசு என்றார்கள். சசிதரன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் மினரல் வாட்டர் புட்டியை வைத்துக்கொண்டு வேனைக் கழுவினான். பாதுகாவலர் வந்து திட்டியும் நிறுத்தவில்லை.

மோகனாவின் பிரஷர் மெதுவாகத்தான் இறங்கியது. தனலெட்சுமி தினமும் பார்வையாளர் நேரத்துக்கு வந்தார். பாலில்லாத கோப்பி, கஞ்சி, மாற்றுத் துணி எல்லாம் கொண்டுவந்தார். தலை சீவிவிட்டார். பேசவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலாம் என்று மோகனாவுக்கு இருந்தது. நாலாவது நாள் கஞ்சியை வாயில் வைத்தபோது அதில் உப்பு இருந்தது. அளவாக, கச்சிதமாக. மோகனா தலைநிமிர்ந்தாள்.

"என்னப் பாத்தா அவ்ளோ பயமாலா ஒனக்கு?" என்றார் தனலெட்சுமி.

"ஆமாக்கா."

"செத்துப் போற அளவுக்கா?"

மோகனா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லித்தான் இங்கே வந்து படுத்திருக்கிறோம், இனி எதற்கு இன்னொன்று?

அந்த நேரம் டாக்டர் வனேசா கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மோகனாவின் கையில் பட்டையைச் சுற்றினார், தேவலாம் என்றார், கிளம்பினார். தனலெட்சுமி எழுந்து அவர் வழியை மறித்துக்கொண்டார்.

"டாக்டர், ஒன்னு கேக்கணும். அன்னிக்கி சொன்னீங்களே, உப்பால வராதுன்னு."

"ஆமா ஆண்டி."

"கருவாட்டால?"

"கருவாட்டாலயும் வராது."

"நெறைய சாப்ட்டா? தெனமும், ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்ட்டா?"

டாக்டர் வனேசா அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கட்டில் மேல் வைத்துவிட்டு நின்றார். "வராது ஆண்டி. எவ்ளோ சாப்ட்டாலும் அதால இந்த நோய் வராது. யாருக்கு வந்திச்சி?"

"எனக்குதான். ரெம்பாவுல இருந்தப்ப. மொகமெல்லாம் வீங்கி, கை காலு இழுத்து வலிப்பு வந்து." தனலெட்சுமி கடைக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார். "உப்பு சேக்காதன்னு மாமியார் சொல்லியிருந்தாங்க. எனக்கு வாயி கேக்கல. அடுப்புல சுட்டுக் கருவாடு தின்னேன். புள்ள ரெண்டு நாளு இருந்தா. கருவாட்டத் தின்னு புள்ளயத் தின்னவன்னு வீட்டுக்காரரு சொல்லி, என்னக் கொண்டாந்து அப்பா வீட்ல விட்டுட்டுப் போனாரு."

"எத்தன வருஷம் ஆச்சு ஆண்டி?"

"இருவத்தாறு. அவரு சொன்னது சரிதான்னு நானும் இருந்துட்டேன்."

மோகனா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குறைப்பிரசவம் என்று மட்டும்தான் இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் மூச்சு விட்ட ஒரு பெண் பிள்ளை இருந்தாள் என்று தெரியாது. அக்கா உப்பில்லாத சோற்றை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அதிகாரம் என்று நினைத்திருந்தாள். நெஞ்சு வலித்தது. இது கல்லீரல் வலி இல்லை.

"நீங்க ஒன்னுமே செய்யல ஆண்டி," என்றார் டாக்டர் வனேசா. "அந்தக் காலத்துல அது தெரியல அவங்களுக்கு. நீங்க செய்யல."

தனலெட்சுமி டாக்டருக்கு நன்றி சொன்னார். பிறகு சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த மலாய்ப் பெண்ணிடம் மலாயில் அதையே கேட்டார். அவள் தனக்குத் தெரியாது என்றாள். கட்டிலுக்குக் கட்டில் மருந்து கொடுத்துக்கொண்டு வந்த தாதியிடம் கேட்டார். அவர் டாக்டர் சொன்னதையே சொன்னார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ரெம்பாவில் இருக்கும் தூரத்து உறவுக்காரி ஒருத்திக்கு அடித்து நல்லசாமியின் நம்பர் கேட்டார். கேட்டதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார்.

"ஹெலோ?" அந்தப் பக்கத்துக் குரல் மோகனாவுக்கும் கேட்டது. வயசான குரல். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் தனலெட்சுமி பேசறேன்."

"எந்தத் தனலெட்சுமி?"

தனலெட்சுமி கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார். மோகனா கையை நீட்டி அவர் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளு இருந்தாளே, அந்தப் புள்ளயோட அம்மா. அவ கருவாட்டால சாகல. உப்பால சாகல. டாக்டரு சொல்லிட்டாங்க. தெரிஞ்சிக்கங்க."

மறுமொழிக்குக் காத்திருக்காமல் துண்டித்தார். கைப்பேசியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். உள்ளங்கையில் எழுதியிருந்ததை எச்சில் தொட்டுப் புடவை நுனியால் அழுத்தித் துடைத்தார். மோகனாவுக்குத் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, அந்த இரண்டு நாள் பிள்ளைக்காக அழுதாள்.

தனலெட்சுமி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி அவள் வாயருகே கொண்டுபோனார்.

"அழாதலா," என்றார். "பிரஷர் ஏறும்."